அப்புத்தளை ஏற்றத்தில் பேஜோவும் அல்டோவும்

பிரான்சில் 1960இல் வெளிவந்த பேஜோ 404, இலங்கை வீதிகளில் நீண்ட காலம் மதிப்போடு ஓடிய பெரிய கார். கிழக்கு ஆபிரிக்காவின் சஃபாரி ஓட்டப்போட்டியில் 1963, 1966, 1967, 1968 ஆகிய ஆண்டுகளில் முதலிடம் பெற்றதால் கரடுமுரடான பாதைக்கு ஏற்றது என்ற பெயர் அதற்கு உண்டு. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது, இருந்த கார்களையே கராஜ் பாஸ்மார் பழுதுபார்த்து ஓடவைத்தனர். இங்கே அதனோடு ஒப்பிடும் மாருதி சுசுகியின் அல்டோ 800 இந்தியாவில் 2012இல் அறிமுகமானது.

பேஜோவின் நீளம் ஏறத்தாழ 4.4 மீற்றர், எஞ்சின் 1,618 சிசி, எடை ஒரு தொன்னுக்குச் சற்று மேல். அல்டோ ஒரு மீற்றர் குட்டை. அதன் மூன்று சிலிண்டர் எஞ்சின் 796 சிசி, எடை ஏறத்தாழ 700 கிலோ. ஐந்து பேர் ஏறினால் ஒவ்வொரு குதிரைவலுவும் சுமக்கும் எடை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆயினும் பேஜோ மெதுவாகச் சுழலும்போதே நன்றாக இழுக்கும். அல்டோவுக்கு கியரைக் குறைத்து எஞ்சினை விரட்ட வேண்டும்.

பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் ஏ16 வீதியில் வேறொரு வேறுபாடும் தெரியும். ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாயும். பேஜோவில் பின்சக்கரங்களே காரைத் தள்ளுவதால், ஆள் ஏறஏறப் பிடிமானம் கூடும். அல்டோவை இழுப்பவை முன்சக்கரங்கள். மழையில் நனைந்த செங்குத்தான தோட்டப் பாதையில் நிறுத்தி எடுத்தால் அவை வழுக்கிச் சுழலக்கூடும். குழிகளிலும் பேஜோவின் 15 அங்குலச் சக்கரம், அல்டோவின் 12 அங்குலச் சக்கரத்தை விட மென்மையாக ஏறி இறங்கும்.

அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவதால் இரண்டு எஞ்சின்களும் வலுவில் ஏழில் ஒரு பங்கு வரை இழக்கின்றன. பேஜோவின் காபரேட்டர் இதை அறியாமல் கூடுதல் பெற்றோலை விட்டு, கரும்புகை கக்கக்கூடும். அல்டோவில் உணரிகள் காற்றை அளந்து, அதற்கேற்ற பெற்றோலையே செலுத்துகின்றன. குளிர்ந்த காலையில் சோக் இழுக்கும் வேலையும் இல்லை.

இறக்கத்தில் சிறிய கார் முந்துகிறது. தொடக்ககாலப் பேஜோக்களில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். நீண்ட இறக்கத்தில் அது சூடேறிப் பிடி தளரும். அல்டோவின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், தாங்கவேண்டிய எடையும் குறைவு. எனினும் எந்தக் காரையும் குறைந்த கியரிலேயே இறக்க வேண்டும். தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலைக்குச் செல்லும் ஒடுங்கிய வீதியில் எதிரே பஸ் வந்தால், ஒதுங்கவும் குட்டைக் காரே வசதி.

செலவில் போட்டியே இல்லை. பேஜோவுக்கு லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் கிடைத்தாலே பெரிது. மலையிலும் அல்டோ பதினைந்துக்குக் கீழே இறங்குவது அரிது. 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தபோது, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பதுளைக்குப் பேஜோவில் இரண்டு முறை போய்வந்திருக்கலாம். அல்டோவில் மூன்று முறைக்கு மேல்.

நாள்தோறும் ஓட்டும் குடும்பத்துக்கு அல்டோவே ஏற்றது. நல்ல பாஸ் பக்கத்திலிருந்து, ஆளும் மூட்டையுமாக எப்போதாவது ஏறுபவருக்கு மட்டுமே பேஜோ இன்றும் பொருந்தும்.