அந்தலூசியாவில் அவசரம் வேண்டாம்

ஐரோப்பா போவதற்கென்று வருடக்கணக்கில் சேமித்த கணவன் மனைவிக்கு, குழுச் சுற்றுலாவில் ஸ்பெயின் கிடைத்தால் பெரும்பாலும் பார்சலோனாவும் மாட்ரிட்டும்தான் கிடைக்கும். தெற்கே கூட்டிப் போனாலும் செவில்லா, கோர்தோபா, கிரனாடா மூன்றையும் மூன்று நாளில் காட்டி முடித்துவிடுவார்கள். வேறு பல இடங்களை அப்படிப் பார்ப்பதில் பெரிய நஷ்டமில்லை. அந்தலூசியா என்ற இந்தத் தென்பகுதியை மட்டும் அப்படிப் பார்க்கவே கூடாது என்பேன். இருவர் தாங்களே ரயிலேறி, பஸ் பிடித்து, ஓர் ஊரில் இரண்டு மூன்று இரவு தங்கிப் பார்க்க வேண்டிய பூமி அது. அங்கே நாளின் நல்ல நேரங்கள் எவை என்று கவனித்தால் காரணம் விளங்கிவிடும்.

ஸ்பெயின் இருப்பது இங்கிலாந்துக்குத் தெற்கே. சூரியனை வைத்துப் பார்த்தால் லண்டன் நேரம்தான் அதற்குப் பொருத்தம். 1940-ல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியோடு சேர்த்தது. போர் முடிந்த பிறகும் அதை யாரும் திருப்பி வைக்கவில்லை. கோடையில் இன்னும் ஒரு மணி கூடுகிறது. ஆகவே ஜூன் மாதச் செவில்லாவில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஏறக்குறைய இரண்டரை. அது மறையும்போது இரவு ஒன்பதே முக்கால். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குமேல், அதன்பின் சிறு கடைகளின் கதவடைப்பு, மாலை ஐந்தரை ஆறுக்கு மறுபடி திறப்பு, ஒன்பதுக்குமேல் இரவுச் சாப்பாடு என்று ஊர் நடப்பது இதனால்தான். இதைச் சோம்பல் என்று சொல்வது அறியாமை. வெயிலோடு வாழக் கற்றவர்களின் கணக்கு அது. குழுப் பேருந்தோ பகல் மூன்று மணிக்கு ஆளரவமற்ற தெருவில் இறக்கிவிட்டு, ஊர் ஜனம் வெளியே வரத் தொடங்கும் ஏழரைக்கு ஹோட்டலில் சோற்றுத்தட்டின் முன் உட்கார வைத்துவிடுகிறது. தனியாகப் போகிறவர்கள் மதியம் அறையில் தூங்கலாம். மாலை ஊரோடு சேர்ந்து எழுந்திருக்கலாம்.

கோர்தோபாவின் பெரிய மசூதியை எடுத்துக்கொள்வோம். முதலாம் அப்துர் ரஹ்மான் எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய கட்டடம். 1236-ல் ஊர் கிறிஸ்தவ அரசரிடம் போனபின் தேவாலயமானது. பதினாறாம் நூற்றாண்டில் நட்டநடுவே ஒரு கதீட்ரலையே எழுப்பிவிட்டார்கள். உள்ளே 850-க்கும் மேற்பட்ட தூண்கள். அவற்றில் பல பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்தவை. ஒன்று கருப்பு, ஒன்று இளஞ்சிவப்பு. ஒன்றின் தலை அலங்காரம் இன்னொன்றுக்கு ஒட்டாது. கூரையைத் தூக்க அந்தத் தூண்களின் உயரம் போதவில்லை. அதனால் வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு கட்டி, சிவப்புச் செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வைத்தார்கள். பற்றாக்குறையிலிருந்து பிறந்த இந்த அழகை ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நிதானமாக நடந்தால்தான் கண் பிடிக்கும். திங்கள் முதல் சனிவரை காலை எட்டரையிலிருந்து ஒன்பதரைவரை கட்டணமில்லாமல் அனுமதிப்பது அங்கே வழக்கம். அந்த ஒரு மணி நேரம் தனியாக வருகிறவர்களுக்கு மட்டும், குழுக்களுக்கு இடமில்லை. பக்கத்துத் தெருவில் அறை எடுத்தவர்களுக்கு இது ஐந்து நிமிட நடை.

கிரனாடாவின் அல்ஹம்ப்ரா கோட்டைக்கு இந்த வாதம் பொருந்தாது என்று சொல்லலாம். அங்கே நஸ்ரி வம்சத்து அரண்மனைகளுக்குள் நுழையும் நேரம் டிக்கெட்டிலேயே குறித்திருக்கும். தவறினால் உள்ளே விடமாட்டார்கள். நல்ல பருவத்தில் வாரக்கணக்கில் முன்னாலேயே டிக்கெட் தீர்ந்துவிடுகிறது. இந்தத் தலைவலியைப் பயண நிறுவனம் சுமக்கட்டுமே என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் அதிகாரபூர்வ இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து தனியாகப் போகிறவர்கள் முன்கூட்டியே தாங்களே வாங்கிவிட முடியும். அதன்பின் நாள் முழுவதும் அவர்களுடையது. மிர்ட்டில் முற்றத்துக் குளத்தின் இரு முனைகளிலும் தட்டையான பளிங்குத் தொட்டி ஒன்று இருக்கிறது. நீர் அதில் பொங்கி, சிறு வாய்க்கால் வழியே வேகம் தணிந்து, சலனமில்லாமல் குளத்தில் கலக்கிறது. கோமாரெஸ் கோபுரத்தின் நிழல் தண்ணீரில் குலையாமல் விழுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. 1492-ல் ஆட்சியை இழந்த ஒரு வம்சத்தின் நுட்பம் அங்கே இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைப் பார்க்க வழிகாட்டியின் கொடி நகராத கால் மணி நேரம் வேண்டும்.

சாப்பாட்டுக் கவலை நம்மவர்களுக்குப் பெரியது, சைவர்களுக்கு அதைவிடப் பெரியது. பன்றித்தொடை இறைச்சி தொங்காத கடை அங்கே அபூர்வம். பெயருக்குக் காய்கறி சாலட் என்றாலும் மேலே சூரைமீன் தூவியிருப்பார்கள். ஆனாலும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தக்காளியை ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெயோடு அரைத்த குளிர்ந்த சால்மொரேகோ கோர்தோபாவின் பண்டம்; அதன்மேல் இறைச்சித் துணுக்கும் முட்டையும் போடாமல் தரச் சொல்ல வேண்டும். ‘சின் ஹமோன்’ என்றால் அந்த இறைச்சி வேண்டாம் என்று பொருள். கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் மணக்கச் சேர்ந்த கறி செவில்லாவில் உண்டு. பொரித்த கத்தரிக்காயில் கரும்புப்பாகு ஊற்றித் தருவது இன்னொன்று. அரைத்தட்டு என்று கேட்டாலும் பல கடைகளில் தருவதால், நாலு வகையை இருவர் பகிர்ந்து ருசிக்கலாம். கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் கூடவே ஒரு சிறு தட்டுப் பலகாரம் இலவசமாக வரும். முப்பது பேருக்கு மொத்தமாக ஆக்கிப்போடும் ஹோட்டலில் இதெல்லாம் நடக்காது.

வழிகாட்டி இல்லாமல் சரித்திரம் எப்படிப் புரியும் என்பது வலுவான ஆட்சேபம். ஒரு நாள் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்வதை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் சில சரித்திரம் தெருவிலேயே நிற்கிறது. செவில்லாவின் நடைபாதைகளில் வரிசையாக ஆரஞ்சு மரங்கள். பழம் கசக்கும், யாரும் பறித்துத் தின்பதில்லை. ஸ்பானியர் அதை ‘நரங்ஹா’ என்கிறார்கள். அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், சமஸ்கிருதத்தில் நாரங்க. அதற்கும் பின்னால் ஒரு திராவிட வேர் இருக்கிறது என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். நாரத்தங்காய் ஊறுகாய் போட்ட வீட்டிலிருந்து போகிறவர்களுக்கு அந்த மரத்தடியில் நின்றால் எந்த விளக்கமும் தேவைப்படாது.

மொழி தெரியாதது சமாளிக்கக் கூடியதே; ரயில் டிக்கெட்டும் அறையும் கைபேசியில் முடிந்துவிடுகின்றன. செவில்லாவிலிருந்து கோர்தோபா அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். ஜேப்படிக்காரர்கள் உண்டு, கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும், பெட்டி தூக்க முடியாதவர்களும் குழுவோடு போவதே மேல். கிரனாடாவின் அல்பைசின் மேட்டுச் சந்துகள் கூழாங்கல் பதித்தவை, செங்குத்தானவை. மற்றவர்கள் ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் பத்து இரவுகள் ஒதுக்கட்டும். ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தை மட்டும் தவிர்க்கலாம், அறை வாடகை எகிறிவிடும்.

அந்தப் பத்தில் ஓர் இரவு ரோந்தாவுக்கு. ஏறக்குறைய நூறு மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தாக்கின் இரு கரையிலும் ஊர். இரண்டையும் இணைக்கும் கற்பாலம் 1793-ல் கட்டி முடிந்தது. பகலெல்லாம் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் படமெடுப்பவர்களின் நெரிசல். மாலையில் சுற்றுலாப் பேருந்துகள் கடற்கரை ஊர்களுக்குத் திரும்பிவிடும். அதன்பிறகு சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால், பாறை இடுக்கில் அடையும் பறவைகளின் சத்தமும் அடியில் ஆறு விழும் சத்தமும் மேலே வந்து சேரும்.