லோடு வண்டி சூடாகிறதா? எந்த இடத்தில் என்று கவனியுங்கள்

தராசுக்குத் தவறாமல் முத்திரை போடுகிறோம். கணக்கை அன்றன்றே எழுதுகிறோம். ஆனால் சரக்கு கொண்டுவரும் வண்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? 2005-ல் டாடா ஏஸ் வந்தது முதல் சிறு கடைக்காரர்களும் சொந்த வண்டி வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். வண்டி வந்த வேகத்துக்கு அதைப் பற்றிய அறிவு வரவில்லை. நானும் அதற்கு விலக்கல்ல.

ஒரு அக்னி நட்சத்திரத்தில் செங்குன்றத்திலிருந்து 25 கிலோ அரிசி மூட்டை ஐம்பது ஏற்றி எங்கள் வண்டி படப்பைக்கு வந்துகொண்டிருந்தது. வெளிவட்டச் சாலையில் ஒரு தொல்லையும் இல்லை. அதை விட்டு வாலாஜாபாத் சாலையில் திரும்பி, ஒரகடம் ஆலைகளுக்குப் போகும் டிரெய்லர்களுக்குப் பின்னால் நின்று நின்று நகரத் தொடங்கியதும் சூட்டு முள் மேலே ஏறியது. டிரைவர் தம்பி போன் செய்து, "அண்ணாச்சி, வண்டி ரொம்ப சூடாகுது" என்றான். "கடையில் ஆள் காத்திருக்கு, மெதுவா ஓட்டிட்டு வந்துடு" என்றேன். வந்து சேர்ந்தான். மறுநாள் காலை வண்டி கிளம்பவில்லை. ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய்விட்டது. ஒன்பது நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. செலவு 28,000 ரூபாய், வாடகை வண்டிக்குக் கொடுத்தது தனி. மூல காரணம், ரேடியேட்டர் மின்விசிறியின் ஃபியூஸ் போயிருந்தது. அதன் விலை பத்து ரூபாய்.

அவன் சொன்ன சேதியிலேயே பழுது எங்கே என்பது இருந்தது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்றுப் பட்டு ஆறி, திரும்ப இன்ஜினுக்குப் போகிறது. அதைத் தள்ளுவது வாட்டர் பம்ப். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நிற்கும்போது விசிறிதான் காற்று கொடுக்க வேண்டும். ஆகவே நெரிசலில் சூடாகி, ஓட்டத்தில் ஆறினால் முதலில் விசிறியைப் பாருங்கள். மின்விசிறியானால் ஃபியூஸ், ரிலே, சென்சார், மோட்டார். பெல்ட்டில் ஓடுவதானால் பெல்ட் தளர்ச்சி. மின்விசிறி இன்ஜினை நிறுத்திய பிறகும் திடீரென்று சுற்றும். கை வைக்கக் கூடாது.

மாறாக, நெரிசலில் ஒன்றுமில்லாமல், பாரத்தோடு வேகமாகப் போகும்போதோ மேட்டில் ஏறும்போதோ சூடானால் ரேடியேட்டர் அடைப்பு என்று முதலில் சந்தேகப்படலாம். வெளியே தகடுகளுக்கு நடுவே தூசியும் பூச்சியும் அடைந்திருக்கும். உள்ளே உப்பு படிந்திருக்கும். போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். வழியில் கிடைத்த தண்ணீரை ஊற்றி ஊற்றி நாமே செய்துகொள்வது இது.

கிளம்பிச் சில நிமிடங்களிலேயே முள் ஏறினால், தண்ணீர் குறைந்திருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கும். மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். இதற்குச் சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனி சூடே ஆகாது" என்பார்கள். கேட்காதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். புதிதாக ஒன்று போடச் சொல்லுங்கள்.

ஒழுகல் எங்கும் தெரியாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே போனால் அது கவலைக்குரியது. ரேடியேட்டரில் குமிழி வருவதும், சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை வருவதும், இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி போல ஆவதும் கேஸ்கெட் கோளாறின் அடையாளங்கள். அப்படிப்பட்ட வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் கட்டி இழுத்துப் போவதே லாபம்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. அது பிரஷர் குக்கர் மூடி மாதிரி. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரை, அழுத்தத்தில் வைத்து ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் காப்பது அதுதான். ரப்பர் வாஷர் கெட்டால் மூடியை மாற்றிவிட வேண்டும். சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது பொறுத்து, மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்து, இறுக்கம் போன பிறகே திறக்கலாம். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். இன்னொன்று: ஏறிய முள் திடீரென்று இறங்கினால் ஆறிவிட்டது என்று நம்பக் கூடாது. தண்ணீர் முழுவதும் போய் சென்சார் காற்றில் நின்றாலும் முள் இறங்கும்.

இப்போது எங்கள் வண்டியில் முள் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் எனக்குப் போன் செய்ய வேண்டும், அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். போன் வந்ததும் நான் கேட்பது, "நிற்கும்போதா, ஓடும்போதா?" என்றுதான்.

கூலன்ட் வாங்கும்போது அப்படியே ஊற்றுவதா, தண்ணீர் கலப்பதா என்று டப்பாவில் பாருங்கள். கலப்பதானால் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் கலக்க வேண்டும். மளிகைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம், ஆனால் இனிக்கும். மீதியைக் காலி எண்ணெய் பாட்டிலிலோ சர்பத் பாட்டிலிலோ ஊற்றிக் கடை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். எங்கள் கிடங்குக்குள் அதைக் கொண்டுவரவே விடுவதில்லை. வாங்கிய டப்பாவிலேயே, பூட்டிய டூல் பெட்டியில் வைத்திருக்கிறோம்.