முறுக்கும் தாடையும் ஒரு துளி எச்சிலும்

சுட்டிகளே, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுகளுக்குச் சற்று முன்னால் வையுங்கள். வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு நகர்கிறதா? அதுதான் தாடை மூட்டு. கதவுக் கீல் மாதிரி திரும்பும். மேசை இழுப்பறை மாதிரி முன்னால் வழுக்கவும் செய்யும்.

சிலருக்கு இந்த மூட்டிலும் அதை ஆட்டுகிற தசைகளிலும் வலி வரும். வாயைத் திறந்தால் 'கிளுக்' என்று சத்தம் கேட்கலாம். "முறுக்கா? எனக்கு வேண்டாம்ப்பா" என்று கன்னத்தைப் பிடித்துக்கொள்ளும் சித்தி உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

சித்தி தொடாத அந்த முறுக்கு டப்பாவிலேயே பல வாரம் கிடந்தால்? சிக்கு வாடை அடிக்கும். அதிலுள்ள எண்ணெயை ஆக்சிஜன் சிதைத்துவிட்டது என்று அர்த்தம். அப்படிச் சிதையும்போது உண்டாகும் பொருள்களில் ஒன்று மலோன்டையால்டிஹைடு.

வேடிக்கை என்னவென்றால், இதே பொருள் நம் உடம்பிலும் உண்டாகிறது. நம் செல் ஒவ்வொன்றையும் மெல்லிய கொழுப்பு உறை மூடியிருக்கிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது, ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு சில வம்புக்கார மூலக்கூறுகள் பிறக்கின்றன. இவற்றுக்கு ஃப்ரீ ரேடிக்கல் என்று பெயர். பக்கத்தில் இருப்பதிடம் எலக்ட்ரானைப் பிடுங்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும். இப்படிப் பறிகொடுக்கும் கொழுப்பு உறையும் முறுக்கு எண்ணெய் மாதிரியே சிதைகிறது. இவற்றை அடக்க வைட்டமின் சி, யூரிக் அமிலம் போன்ற காவலர்கள் உண்டு. வம்புக்காரர்கள் பெருகி, காவலர்கள் போதாமல் போனால் அதுதான் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்'. வலிக்கும் தாடை மூட்டில் இது நடக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊசி வேண்டாம், எச்சில் போதும்! ஒரு நாளில் நம் வாயில் சுமார் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. அதில் 99 சதவீதம் தண்ணீர். மீதியில்தான் சங்கதி இருக்கிறது. சோதனைக்கு முன் ஒரு மணி நேரமாவது எதுவும் சாப்பிடக் கூடாது. பிறகு தலையைக் குனிந்து, ஊறும் எச்சிலைக் குழாயில் தானாக வழியவிட வேண்டும். அது கெட்டுப்போகாமல் இருக்க உடனே ஐஸில் வைப்பார்கள். தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் மலோன்டையால்டிஹைடு இளஞ்சிவப்பாக நிறம் காட்டும். நிறம் கூடினால் சிதைவும் கூடுதல் என்று அர்த்தம். பழைய எண்ணெயைச் சோதிக்கவும் இதே முறைதான்!

தாடை வலி உள்ளவர்களின் எச்சிலில் இந்தப் பொருள் அதிகமாகவும் காவலர்கள் குறைவாகவும் இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. ஈறு வீங்கியிருந்தாலும்கூட அளவு மாறிவிடும். அதனால் இன்றும் மருத்துவர் உங்கள் சித்தியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டு, நீங்கள் இப்போது வைத்த அதே இடத்தில் விரல் வைத்துத்தான் தாடையைச் சோதிப்பார்.

பென்சிலைக் கடிப்பதும் பல்லை நெறிப்பதும் தாடைக்கு வீண் வேலை. சும்மா இருக்கும்போது உதடுகள் சேர்ந்திருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும். இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் பற்கள் ஒட்டியா இருக்கின்றன? கொஞ்சம் தளர்த்துங்கள்!