பழைய டிரெய்லருக்கு ஸ்டெப்னி தேடும்போது

எலவனாசூர்கோட்டை பக்கம் கரும்பு சீசன்ல, சேலம் ரோட்டோரம் லோடோட சாஞ்சு நிக்கிற டிரெய்லரைப் பார்த்திருப்பீங்க. டயர் சைஸ் ஒண்ணுதானேன்னு காயலான் கடையில வாங்கின வீல் ஹப்புல ஏறலைன்னா, முதல்ல பார்க்க வேண்டியது போல்ட் ஓட்டைகளை.

ஓட்டைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம்தான் பி.சி.டி. ஆறு ஓட்டை என்றால் எதிரெதிர் மையங்களை அளந்தால் போதும். ஐந்துன்னா எதிரே ஓட்டையே இருக்காது! பக்கத்துப் பக்கத்து மையங்களின் தூரத்தை 1.701-ஆல் பெருக்குங்க (சைன் 36 டிகிரியின் தலைகீழிதான்). 82.3 மி.மீ. வந்தா பி.சி.டி. 140. கொஞ்சம்தானே வித்தியாசம்னு தட்டி ஏத்தினா நட்டு சரியா உட்காராது. ஓட ஓட லூசாகி, லோடோட சக்கரமே கழன்றுடும். நடு ஓட்டை, ஆஃப்செட், வீல் தாங்கும் எடை இதெல்லாமும் பொருந்தணும்.

ஸ்டெப்னிங்கிற பேரே வேல்ஸின் லானெல்லி ஊரிலுள்ள ஒரு தெருவோடது. 1904-ல் அங்கே தொடங்கிய கம்பெனி செய்தது, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வி மாட்டுற வளையம். அதுக்கு ஓட்டைத் தொல்லையே இல்லை!

பழைய டிரெய்லர்ல அளவு எதுவும் எழுதியிருக்காதா? ஹப் போல்ட்டுகள் மேல அட்டையை அழுத்தி அச்சு எடுங்க. அந்த அட்டையோட கடைக்குப் போங்க.