நாய்க்கு திடீர்னு வயிறு சரியில்லையா? காத்திருக்கலாமா, கிளம்பணுமா?

ராத்திரி பத்து மணி. ஓட்டப்பிடாரம் பக்கத்தில் ஒரு கிராமம். சாயங்காலம் வரைக்கும் தெருவில் ஓடிக்கொண்டிருந்த வீட்டு நாய், இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டுகிறது. அரசு கால்நடை மருந்தகம் மூடியாச்சு. தூத்துக்குடிக்கோ கோவில்பட்டிக்கோ போகணும்னா வண்டி பிடிக்கணும். வீட்டில் ஒருத்தர், "எதையாவது தின்னிருக்கும், காலையில சரியாயிடும்" என்கிறார். இன்னொருத்தர், "இப்பவே தூக்கிட்டுப் போவோம்" என்கிறார்.

இரண்டில் எதுவும் சரியாக இருக்கலாம். நாய்க்கு வருகிற வயிற்றுக் கோளாறில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு நாளில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் சிலவற்றில் விடியும் வரை காத்திருந்தாலே உயிர் போய்விடும். எது எந்த வகை என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்க முடியும். அதற்குத் தேவை பத்து நிமிடமும், உங்கள் கையில் இருக்கிற செல்போனும்தான்.

முதல் பத்து நிமிடம்: என்ன பார்க்கணும்?

முதலில் ஒரு எச்சரிக்கை. நாய் எச்சில் வடித்துக்கொண்டு, எதையும் விழுங்க முடியாமல் தவித்தால், "தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு" என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். ரேபிஸ் எனும் வெறிநோயிலும் இதே அறிகுறி வரும். கடித்தாலோ, எச்சில் காயத்தில் பட்டாலோ, அந்த இடத்தை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம்.

நாய் வழக்கம்போல உங்களிடம் வருகிறது, அமைதியாக இருக்கிறது என்றால் இவற்றைப் பாருங்கள்.

ஈறு: மேல் உதட்டை லேசாகத் தூக்குங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் 2 விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். நாட்டு நாய்களுக்கு ஈறு கறுப்பாக இருப்பது உண்டு. அப்படியானால் கீழ் இமையின் உள்பக்கத்தைப் பாருங்கள்.

தோல்: தோள்பட்டைக்கு மேலே தோலைப் பிடித்து இழுத்து விடுங்கள். சட்டென்று படியணும். மெதுவாக இறங்கினால் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

மூச்சு: செல்போனில் 30 விநாடி டைமர் வைத்து, நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். நிழலில் படுத்து ஓய்வெடுக்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை இருக்கலாம். வெயிலில் ஓடிவந்த நாய் இரைப்பது வேறு. ஓய்வுக்குப் பிறகும் இரைப்பு அடங்கவில்லை என்றால் அதைக் கவனிக்கணும்.

வயிறு: இரண்டு கையாலும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் முனகுகிறதா? கல் மாதிரி இறுகி இருக்கிறதா? முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடுகிற மாதிரி நிற்கிறதா? இதெல்லாம் வயிற்று வலிக்கான அடையாளம்.

பிறகு வாந்தியையும் மலத்தையும் சுத்தம் செய்வதற்கு முன்னால் படம் எடுத்து வையுங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் பத்து வாக்கியத்தில் சொல்வதை மருத்துவர் அந்த ஒரு படத்தில் புரிந்துகொள்வார். எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, கடைசியாக என்ன சாப்பிட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே கவனிக்கலாம்

வளர்ந்த நாய், ஒன்றிரண்டு தடவைதான் வாந்தி அல்லது பேதி, ரத்தம் இல்லை, தண்ணீர் குடிக்கிறது, குடித்தது உள்ளே தங்குகிறது, கூப்பிட்டால் எழுந்து வருகிறது. இந்த ஆறும் பொருந்தினால் ஒரு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம்.

சில மணி நேரத்துக்குச் சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள். சட்டி நிறைய வைத்தால் மொத்தமாகக் குடித்து மறுபடியும் கக்கிவிடும். கால் மணிக்கு ஒரு தடவை சில கரண்டி போதும். வாந்தி நின்ற பிறகு குழைய வேகவைத்த சோறும், உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாம்பார் சாதம், குழம்புச் சோறு வேண்டாம். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். 24 மணி நேரத்தில் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

குட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குட்டியைப் பட்டினி போடக் கூடாது, ஒரு நாள் பார்க்கலாம் என்று விடவும் கூடாது.

உடனே கிளம்புங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

• வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், அல்லது மலம் தார் மாதிரி கறுத்துப் போவது
• வயிறு உப்பி, வாந்தி வருகிற மாதிரி ஓக்காளித்தும் எதுவும் வெளியே வராமல் இருப்பது
• தண்ணீர் குடித்தாலும் உடனே கக்கிவிடுவது
• ஈறு வெளுத்தோ, நீலம் பாய்ந்தோ, மஞ்சளாகவோ இருப்பது
• தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு, எழுந்து நிற்க முடியாமை
• விஷம், மாத்திரை, தூண்டில் முள் போன்றவற்றை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம்
• ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி, வயதான நாய், சினை நாய்

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

கோவில்பட்டி, எட்டயபுரம் வட்டாரக் கரிசல் காட்டில் சிப்பிப்பாறையும் கன்னியும் தலைமுறையாக வளர்கின்றன. ஆழமான நெஞ்சும் ஒட்டிய வயிறும் ஓட்டத்துக்கு ஏற்ற உடல்வாகு. ராஜபாளையம் நாயும் இப்படித்தான். ஆனால் ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. இரைப்பையில் காற்று நிரம்பி, அது அப்படியே முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கிய இரைப்பைக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வீட்டு வைத்தியம் எதுவும் இதற்கு இல்லை, அறுவை சிகிச்சைதான் வழி.

நாய் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து நடக்கும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். எச்சில் ஒழுகும். ஓக்காளிக்கும், ஆனால் நுரையைத் தவிர எதுவும் வராது. இந்த இன நாய்களுக்கு இரைப்பை விலா எலும்புக்குள் இருப்பதால், தொடக்கத்தில் வீக்கம் வெளியே தெரியாமலும் போகலாம். அதனால் வயிறு உப்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். வெறும் ஓக்காளத்தைப் பார்த்ததுமே கிளம்பிவிடுங்கள்.

தடுக்க முடியுமா? ஒரு நாள் சாப்பாட்டை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிறு நிறையத் தின்றதும் ஓட்டப் பயிற்சிக்கு விடாதீர்கள்.

குட்டிக்கு ரத்தப் பேதியா? பார்வோவாக இருக்கலாம்

பார்வோ வைரஸ் 1978-ல் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கியது. இந்தியாவில் 1982-ல் சென்னையில் கண்டறியப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை உள்ள குட்டிகளை இது கடுமையாகத் தாக்கும். முதலில் சோர்ந்து சாப்பாட்டை ஒதுக்கும், அப்புறம் விடாத வாந்தி, கெட்ட நாற்றத்தோடு ரத்தப் பேதி. குட்டி இறப்பது பெரும்பாலும் உடம்பில் தண்ணீர் வற்றுவதாலும், புண்ணாகிப்போன குடல் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலப்பதாலும்தான். சீக்கிரமே சொட்டு மருந்து ஏற்றினால் பல குட்டிகள் பிழைத்துக்கொள்ளும். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

இது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் செருப்பிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த குட்டிக்குத் தொற்றும். வெறும் பினாயில் போதாது. இடத்தை நன்றாகக் கழுவிவிட்டு, வீட்டுக்குப் பயன்படுத்தும் பிளீச் திரவம் 1 பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பினாயிலையும் ஆசிட்டையும் அதோடு கலக்காதீர்கள்.

தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் ஆகும் வரை 3 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். ஒரு ஊசி போட்டதோடு விட்டுவிடுவதுதான் நிறைய வீடுகளில் நடக்கிற தவறு.

நம்ம பகுதியில் நாய் எதைத் தின்னும்?

கடற்கரையில்: வலையிலிருந்து உதறிப்போட்ட பேத்தை மீன் கொடிய விஷம். தள்ளாட்டம், மூச்சுத் திணறல் வரும். தூண்டில் முள்ளோடு மீன் துண்டை விழுங்கினால், வாயிலோ ஆசனவாயிலோ நரம்பு தொங்கும். அதைப் பிடித்து இழுக்காதீர்கள், குடல் கிழிந்துவிடும்.

உப்பளத்தில்: தாகத்தில் பாத்தித் தண்ணீரைக் குடித்தால் வாந்தி, பேதியில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். வேலைக்குப் போகும்போது நாயும் கூட வந்தால் அதற்கும் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள்.

காட்டில்: ஓட்டப்பிடாரம் பக்கம் மக்காச்சோளம் அதிகம். மணி உதிர்த்த கட்டையை நாய் கடித்து விழுங்கினால் அது செரிக்காது, குடலில் அடைத்துக்கொள்ளும். விடாத வாந்தியும், மலமே போகாததும் இதன் அடையாளம். பூச்சி மருந்து பட்டால் எச்சில் வடிதல், பேதி, நடுக்கம் வரும். எலிக்கு வைத்ததைத் தின்றிருந்தால் எதையும் ஊட்டாதீர்கள். சில எலி மருந்துகள் வயிற்றில் விஷ வாயுவாக மாறும், சாப்பாடு கொடுத்தால் அது அதிகமாகும். வாந்தியிலிருந்து வரும் வாயு மனிதரையும் பாதிக்கும் என்பதால் வண்டியின் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மருந்து டப்பாவையோ அதன் படத்தையோ மறக்காமல் எடுத்துப் போங்கள்.

செய்யவே கூடாதவை

நாம் போடுகிற மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் இரைப்பையைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைப் பாதிக்கும். பேதியை நிறுத்தும் மாத்திரை, உள்ளே இருக்கும் விஷத்தை வெளியேற விடாமல் தடுத்துவிடலாம். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது நம்ம ஊரில் பழைய பழக்கம். அந்த உப்பே விஷமாகலாம், நுரையீரலுக்குள்ளும் போகலாம். சோர்ந்து கிடக்கும் நாயின் வாயில் எண்ணெய், பால், சாறு எதையும் வலுக்கட்டாயமாக ஊற்றாதீர்கள்.

யாரைக் கூப்பிடுவது?

பகலில் உங்கள் ஊருக்கு உட்பட்ட அரசு கால்நடை மருந்தகம்தான் முதல் இடம். அது எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை நாய் நன்றாக இருக்கும்போதே போய்த் தெரிந்துகொள்ளுங்கள். இரவில் நாய் பார்க்கிற மருத்துவர் தூத்துக்குடியிலோ கோவில்பட்டியிலோ யார் என்பதையும் விசாரித்து, எண்ணை வாங்கி வையுங்கள்.

கால்நடைகளுக்கான கட்டணமில்லா அழைப்பு எண் 1962. இது முதன்மையாக ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்கான சேவை. நாய் என்பதையும், என்ன அறிகுறி என்பதையும் சொல்லி, வண்டி வருமா, எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். தாமதமாகும் என்றால் காத்திருக்காமல் ஆட்டோவோ காரோ பிடித்துக் கிளம்புங்கள்.

அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலையில், திருநெல்வேலி ராமையன்பட்டியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போவதாக இருந்தாலும், கிளம்பும்போதே போன் செய்து, மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய கதவு முன்னால் நிற்கிற அரை மணி நேரம் அதனால் மிச்சமாகும்.

கிளம்பும்போது நாயின் எடை, வயது, தடுப்பூசி அட்டை, நீங்கள் எடுத்த படங்கள், குறித்த நேரங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். எடை தெரியவில்லையா? நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். மருந்தின் அளவை எடையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

நாய்க்கு வலி இருந்தாலும் வாய் திறந்து சொல்லாது. பல நாய்கள் வலியை மறைத்துக்கொண்டு உங்களைப் பார்த்து வாலாட்டவும் செய்யும். அதனால் வாலை மட்டும் நம்பாமல் ஈறையும் வயிற்றையும் மூச்சையும் பாருங்கள். இதைப் படித்து முடித்த கையோடு 1962-ஐயும் உங்கள் மருந்தகத்தின் எண்ணையும் போனில் சேமித்து வைத்துவிடுங்கள். வீட்டில் உள்ள எல்லோர் போனிலும் அது இருக்கட்டும்.