இருந்த ஊர்கள் – 6: கோதுமையை மீட்கப் போனவர்கள்

கலிலேயாவில் கோதுமை விதைப்பது நவம்பர் மழையை நம்பி. குளிர்காலம் முழுக்க வளர்ந்து மே கடைசியில் கதிர் பழுக்கும். பார்லி அதற்குச் சற்று முன்பே அறுப்புக்கு வந்துவிடும். ஜூன் முழுவதும் அறுப்பும் போரடிப்பும். நாள் தள்ளிப்போனால் மணி உதிரும். மிச்சத்தை எலியும் பறவையும் பார்த்துக்கொள்ளும். 1948 போரைப் பற்றி எழுதுகிறவர்கள் படை நகர்வுகளையும் ஐ.நா. தீர்மானங்களையும் தேதிவாரியாக அடுக்குவது வழக்கம். பாலஸ்தீனக் குடியானவனின் நாள்காட்டி வேறு. அல்-பிர்வாவில் நடந்ததைப் புரிந்துகொள்ள அந்த நாள்காட்டியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அக்கோ துறைமுகம் மே 18 அன்று விழுந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து கிழக்கே பத்து கிலோமீட்டர் போனால், கடலோரச் சமவெளி முடிந்து குன்றுகள் தொடங்கும் இடத்தில் இருந்தது அல்-பிர்வா. கல் மேட்டின் மேல் ஊர், கீழே வயல். 1047-இல் இந்தப் பக்கமாக வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரோ, இங்கே ஏசா, சிமியோன் ஆகியோரின் சமாதிகள் என்று காட்டப்பட்டவற்றைத் தரிசித்ததாக எழுதிவைத்திருக்கிறார். ஆக, குறைந்தது ஒன்பது நூற்றாண்டுகளாகப் பெயர் மாறாமல் இருந்த ஊர். அக்கோவிலிருந்து சபத் போகும் சாலையும் ஹைஃபா போகும் சாலையும் இதன் காலடியில்தான் பிரிந்தன. சந்தைக்குப் போக வசதி. போர் என்று வந்தால் அந்த வசதிதான் வினை.

பிரிட்டிஷ் ஆட்சி எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியது. ஆக்கிரமிப்பாளர்களின் கணக்குப் பழக்கத்துக்கு வரலாற்று மாணவர்கள் நன்றி சொல்ல வேண்டியிருப்பது ஒரு வேடிக்கைதான். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 224 வீடுகள், 996 பேர். 1945-இல் 1,460 பேர். அவர்களில் 1,330 முஸ்லிம்கள், 130 கிறிஸ்தவர்கள். ஒரு பள்ளிவாசல், ஒரு தேவாலயம், ஆட்டோமன் காலத்தில் 1888-இல் கட்டிய ஆண்கள் பள்ளி, ஒலிவ எண்ணெய் ஆட்டும் ஆலைகள் மூன்று. வயலில் கோதுமை, பார்லி, சோளம், எள், தர்ப்பூசணி. மேட்டில் ஒலிவ மரம். வீட்டு எல்லையிலும் தோட்ட எல்லையிலும் சப்பாத்திக்கள்ளி வேலி.

நிலக் கணக்கை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். அந்த ஊர்களில் நில அளவை துனம். ஒரு துனம் ஆயிரம் சதுர மீட்டர்; நம் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட். அல்-பிர்வாவுக்கு மொத்தம் 13,542 துனம், அதாவது சுமார் 3,350 ஏக்கர். 1945 நிலவரப்படி அதில் அரபுகளின் கையில் இருந்தது 12,939 துனம். யூத உடைமை 546. மீதி 57 பொது நிலம். ‘பாலஸ்தீனர்கள் நிலத்தை விற்றுவிட்டுப் பிறகு அழுகிறார்கள்’ என்று இன்றும் சொல்லக் கேட்கிறோம். நிலம் விற்கப்பட்ட ஊர்கள் உண்டு; பெய்ரூட்டில் உட்கார்ந்துகொண்டு மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியை விற்ற பெருநிலக்காரர்களைப் பற்றி இரண்டாம் பகுதியில் எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த ஊரில் கைமாறியது நூற்றுக்கு நான்கு பங்கு. மற்ற தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பங்கு கைமாறிய விதம்தான் இந்த வாரத்துக் கதை.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை பாலஸ்தீனத்தைப் பிரிக்கத் தீர்மானித்தபோது, மேற்குக் கலிலேயா அரபு நாட்டின் பங்கில் வந்தது. அல்-பிர்வாவும் அதில் அடக்கம். ஆனால் 1948 மே மாத நடுவில் யூதர்களின் ஹகானா படை கடலோரமாக வடக்கே ஏறி, தீர்மானத்தின் கோட்டைத் தாண்டி, அக்கோவையும் சுற்றுவட்டாரக் கிராமங்களையும் பிடித்தது. அக்கோ போனதும் பிர்வாக்காரர்களுக்கு முன்னே தடுப்பு எதுவும் இல்லை. ஊரில் இருந்தவை சில பழைய துப்பாக்கிகளும் கைக்கு எண்ணிக் கொடுத்த தோட்டாக்களும்தான்.

ஜூன் 11-ஆம் தேதி ஐ.நா. நடுவர் ஃபோல்கே பெர்னடோட் ஏற்பாடு செய்த முதல் போர்நிறுத்தம் தொடங்கியது. அல்-பிர்வா பிடிபட்டதும் அதே நாளில்தான். காவலுக்கு நின்ற ஆண்கள் தோட்டா தீர்ந்து பின்வாங்கினார்கள். பெரும்பாலான குடும்பங்கள் கிழக்கிலும் தெற்கிலும் இருந்த பக்கத்து ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஓட முடியாத முதியவர்கள் சிலர் தேவாலயத்துக்குள் பாதிரியாரோடு அடைக்கலம் புகுந்தார்கள். இதையெல்லாம் நாம் அறிவது நாஃபிஸ் நஸ்ஸால் என்ற பாலஸ்தீன ஆய்வாளர் வழியாக. லெபனான் அகதி முகாம்களில் இருந்த கலிலேயா மக்களைப் பார்த்து அவர்கள் வாய்மொழியைப் பதிவுசெய்து 1978-இல் நூலாக்கியவர் அவர்.

பக்கத்து ஊர் என்றால் எவ்வளவு பக்கம்? ஒலிவத் தோப்பில் நின்றால் சொந்த வயல் தெரிகிற தூரம். கதிர் பழுத்து நிற்கிறது. களம் காலியாகக் கிடக்கிறது. அடுத்த அறுவடைக்கு ஒரு வருடம். இடம் கொடுத்த ஊர்க்காரர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும் எத்தனை நாள் மாவு கொடுப்பார்கள்? போர்நிறுத்தம் நான்கு வாரம் என்று அறிவித்தாயிற்று. நான்கு வாரத்தில் கதிர் இருக்காது. போர்நிறுத்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் இருப்பது அவர்கள் விதைத்த கோதுமை, ஐ.நா.வே அரபு நாட்டுக்கு ஒதுக்கிய மண்ணில்.

அங்கே அவர்கள் பட்டினி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, ஜூன் 16 அன்று, டெல் அவீவில் இஸ்ரேலிய அமைச்சரவை கூடியது. வெளியேறியவர்கள் திரும்பி வர விடக் கூடாது என்று பிரதமர் பென்-குரியன் வாதிட்டார். வெளியுறவு அமைச்சர் ஷெர்டோக்கும் அதே கட்சி. இந்த முடிவுக்கும் வயலுக்கும் உள்ள தொடர்பை முதலில் விரிவாக எழுதியவர் இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் பென்னி மாரிஸ். 1948 அறுவடையைப் பற்றி மட்டுமே ஒரு தனிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். அந்தக் கோடையில் அரபு வயல்களை யூதக் குடியேற்றங்கள் அறுத்துக்கொள்வதும், அறுக்க முடியாததை எரிப்பதும், அறுக்க வரும் உரிமையாளர்களைச் சுட்டு விரட்டுவதும் நடைமுறையாக இருந்ததை இராணுவ ஆவணங்களைக் கொண்டே காட்டுகிறார். விளைச்சலை எடுத்துக்கொண்டால் ஊருக்குத் திரும்பக் காரணமும் இல்லை, திரும்பினால் சாப்பிடவும் ஒன்றுமில்லை. மாரிஸின் அரசியல் பிற்பாடு எங்கெங்கோ போனது. அதை வைத்து இந்த ஆவணங்களைத் தள்ள முடியாது.

பிர்வாக்காரர்களுக்கு அமைச்சரவையில் பேசியது தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் ஃபவ்ஸி அல்-கவுக்ஜியின் தலைமையில் அரபுத் தொண்டர்கள் சேர்ந்த அரபு விடுதலைப் படையிடம் போய் உதவி கேட்டார்கள். போர்நிறுத்தம் நடக்கிறது, மேலிடத்து உத்தரவு இல்லை என்று பதில் வந்தது. ஜூன் 23 அன்று ஊர்க்காரர்கள் தாங்களே கிளம்பினார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் கோடரியும் தடியும் ஏந்தியவர்கள். பின்னால் தண்ணீர் சுமந்து, காயம்பட்டவர்களைத் தூக்கப் பெண்கள். திடீர்த் தாக்குதல் பலித்துவிட்டது. ஊரில் இருந்த இஸ்ரேலியப் படையினர் பின்வாங்கினார்கள். தங்கள் கோதுமையின் ஒரு பகுதி ஏற்கெனவே அறுபட்டுக் கொண்டுபோகத் தயாராகக் கிடந்ததை ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். இஸ்ரேலியத் தரப்பு பின்னால் இந்தச் சண்டையை அரபு விடுதலைப் படையோடு நடந்த மோதல் என்றே கணக்கில் வைத்தது. கோடரிக்காரர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

முந்தைய நாள் வரை உத்தரவு இல்லாத அரபு விடுதலைப் படை இப்போது வந்து சேர்ந்தது. ஊரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் குடும்பங்களிடம் போய்ச் சேருங்கள் என்றது. அவர்களும் நம்பிப் போனார்கள். மறுநாள் இஸ்ரேலியப் படை மீண்டும் வந்தது, விடுதலைப் படை பின்வாங்கியது, ஊர் போயிற்று. ஜூலையில் போர்நிறுத்தம் முடிந்ததும் இஸ்ரேலின் ‘டெக்கல்’ நடவடிக்கை தொடங்கி, 16-ஆம் தேதி நாசரேத்தே விழுந்தபோது அல்-பிர்வா முன்னணிக்கு வெகுதூரம் பின்னால் போய்விட்டது. கவுக்ஜியின் படையைப் பற்றிக் கடுமையாக எழுதத் தோன்றுகிறது. ஆயுதமும் ஒழுங்கும் குறைந்த படை அது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, ஊர்க்காரர்கள் மீட்டதும் வந்து வாங்கிக்கொண்டு, ஒரே நாளில் பறிகொடுத்ததற்கு அந்த விளக்கம் போதவில்லை. ‘அரபுத் தலைவர்கள் போகச் சொன்னார்கள், மக்கள் போனார்கள்’ என்பது அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டுவரும் கதை. அல்-பிர்வாவில் அரபுத் தலைமை போகச் சொன்னது உண்மைதான், மக்கள் சண்டையிட்டு ஊரைத் திரும்பப் பிடித்த பிறகு.

அதன் பிறகு எல்லாம் வேகமாக முடிந்தது. ஆகஸ்டிலேயே புதிய குடியேற்றங்களுக்கான பட்டியலில் அல்-பிர்வா நிலம் சேர்ந்துவிட்டது. அக்டோபரில் ஒலிவ அறுவடை வரும் நேரத்தில், ‘ஹிராம்’ நடவடிக்கை கலிலேயாவின் மிச்சத்தையும் பிடித்தது. அங்கே ஒண்டியிருந்தவர்களில் பலர் லெபனான் எல்லையைத் தாண்டினார்கள். டிசம்பர் 11 அன்று ஐ.நா. 194-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, ஊர் திரும்பி அமைதியாக வாழ விரும்பும் அகதிகளை அனுமதிக்க வேண்டும் என்றது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1949 ஜனவரி 6 அன்று பிர்வா நிலத்தில் யாசூர் என்ற கிப்புட்ஸ் (கூட்டுப் பண்ணை) தொடங்கப்பட்டது. 1950-இல் அகிஹூத் என்ற மோஷாவ் (கூட்டுறவுக் கிராமம்) வந்தது. அதில் குடியேற்றப்பட்டவர்கள் ஏமனிலிருந்து வந்த யூதர்கள். அவர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊரை விட்டு வந்தவர்கள்தான். எந்த நிலத்தில் வீடு கொடுக்கிறோம் என்று அவர்களிடம் யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

லெபனானுக்குப் போனவர்களில் சில குடும்பங்கள் வழிகாட்டி பிடித்து இரவோடு இரவாகத் திரும்பின. அப்படி வந்தவர்களை அரசு ‘ஊடுருவியவர்கள்’ என்றது. 1949 முதல் 1956 வரை இவ்வாறு எல்லை தாண்டியவர்களில் 2,700 முதல் 5,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம், பெரும்பாலோர் ஆயுதம் இல்லாதவர்கள் என்பது மாரிஸின் மதிப்பீடு. பிழைத்து வந்த குடும்பங்களில் ஒன்றில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மஹ்மூத் தர்வீஷ். 1941 மார்ச் 13 அன்று அல்-பிர்வாவில் பிறந்தவன். எம்.ஏ. நுஃமானின் மொழிபெயர்ப்புகள் வழியாக ஈழத்திலும் தமிழகத்திலும் பலருக்கு அறிமுகமான அதே கவிஞர். திரும்பி வந்தபோது ஊர் இல்லை. குடும்பம் தேர் அல்-அஸதில் ஒண்டியது. 1948 கணக்கெடுப்பின்போது ஊரில் இல்லாததால் அவர்கள் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை. பள்ளிக்கு ஆய்வாளர் வரும் நாட்களில் ஆசிரியர்கள் தன்னை அறைக்குள் ஒளித்துவைத்ததைப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார்.

தர்வீஷ் குடும்பம் போலப் போய்த் திரும்பியவர்கள் மட்டுமல்ல, எல்லையே தாண்டாமல் நாலைந்து கல் தொலைவில் உறவினர் வீட்டில் இருந்தவர்களும் நிலத்தை இழந்தார்கள். 1950 மார்ச்சில் வந்த ‘வராதோர் சொத்துச் சட்டம்’ அதற்கு வழிசெய்தது. 1947 நவம்பர் 29-க்குப் பிறகு எந்த நாளிலாவது தன் வழக்கமான வசிப்பிடத்தை விட்டு, எதிரிப் படைகள் வசம் இருந்த பகுதிக்குப் போயிருந்தால் போதும், அவர் ‘வராதவர்’. ஜூன் 11 அன்று பக்கத்து ஊருக்கு ஓடிய பிர்வாக்காரர், அந்தப் பக்கத்து ஊரும் பிறகு இஸ்ரேலுக்குள் வந்து, அவர் கையில் இஸ்ரேலியக் குடியுரிமையே இருந்தாலும், சொத்தைப் பொறுத்தவரை ஆள் இல்லாதவர்தான். இப்படிப்பட்டவர்களுக்கு ‘இருந்தும் வராதோர்’ என்றே பெயர் விழுந்தது. நிலம் சொத்துக் காப்பாளரிடம் போய், அங்கிருந்து குடியேற்றங்களுக்குப் போயிற்று. 1966 வரை அரபுக் குடிமக்கள் இராணுவ ஆட்சியின் கீழ் இருந்தார்கள். சொந்த ஊரைப் போய்ப் பார்த்துவரக்கூட அனுமதிச் சீட்டு வேண்டும்.

பாலஸ்தீன வரலாற்றாசிரியர் வாலித் காலிதி 1992-இல் தொகுத்த பெரும் பட்டியலில் இப்படிப் போன 418 ஊர்கள் இருக்கின்றன. அல்-பிர்வாவில் மிஞ்சியதாக அவர் குழுவினர் குறித்தவை மூன்று வீடுகள், இரண்டு தர்காக்கள், அந்தப் பள்ளிக் கட்டடம். சுற்றிலும் ஒலிவமும் அத்தியும் கள்ளியும். சாலைகள் இன்றும் அதே இடத்தில்தான் பிரிகின்றன. சந்திப்புக்குப் பெயர் அகிஹூத். 2017-இல் ரயில் பாதையும் வந்து அதே பெயரில் ஒரு நிலையமும் இருக்கிறது. பிர்வாக்காரர்களின் வழிவந்தவர்களில் பலர் சற்று மேற்கே ஜுதெய்தா, மக்ர் ஊர்களில் வசிக்கிறார்கள். 2000-இல் கல்வி அமைச்சர் யோசி ஸரீத், தர்வீஷின் கவிதைகள் சிலவற்றைப் பள்ளிப் பாடத்தில் விருப்பப் பகுதியாகச் சேர்க்க முயன்றபோது அரசே ஆட்டம் காணும் அளவுக்கு அமளி. இஸ்ரேல் அதற்கு இன்னும் தயாராகவில்லை என்றார் பிரதமர் எஹூத் பராக். 2008 ஆகஸ்டில் தர்வீஷ் இறந்தபோது அடக்கம் செய்யப்பட்டது ரமல்லாவில்.

பிர்வாக்காரர்கள் வழக்கு மன்றத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அதற்கு வேறொரு கலிலேயா ஊரில் பதில் இருக்கிறது. இரண்டு வாரம் வெளியே இருங்கள், பிறகு வரலாம் என்று சொல்லி 1948 நவம்பரில் வெளியேற்றப்பட்ட இக்ரித் மக்கள், இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1951 ஜூலையில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. கிறிஸ்தவ ஊர் அது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இராணுவம் அங்கே போனது.

(தொடரும்)