உங்களுக்குத் தெரியுமா? – கட்டட வேலைக்கு யார் கையில் உரிமம்?

பினாங்கில் சமையலறையை நீட்டிக் கட்ட ஆள் தேடும்போது, "மொத்தம் எவ்வளவு வரும்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, "சிஐடிபி பதிவு இருக்கிறதா?" என்பது.

✦

மலேசியாவில் கட்டுமான வேலையைக் குத்தகைக்கு எடுக்கும் எவரும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். சிஐடிபி என்று நாம் சொல்வது இந்த வாரியத்தைத்தான். 1994-ஆம் ஆண்டின் 520-வது சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. பதிவில்லாமல் வேலை எடுத்தால் அபராதம் 10,000 வெள்ளியில் தொடங்கி 100,000 வெள்ளி வரை போகும். பெரிய குத்தகையாளரிடமிருந்து வேலையைப் பிரித்து வாங்கிச் செய்யும் துணைக் குத்தகையாளருக்கும் இது பொருந்தும். "நான் சப்-கான் மட்டும்தானே" என்பது சட்டத்தின் முன் செல்லாது.

✦

இந்த 520-வது சட்டம் கூட்டரசுச் சட்டம். பினாங்குக்கு ஒன்று, பேராக்குக்கு ஒன்று என்று தனித்தனிப் பதிவு கிடையாது. அமெரிக்காவில் இதை அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. டெக்சஸில் பொதுக் கட்டடக் குத்தகையாளருக்கு மாநில உரிமம் தேவையில்லை. மின்பணியாளருக்கும் குழாய்ப் பணியாளருக்கும் தேவை. கலிஃபோர்னியாவிலோ 500 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கே உரிமம் கேட்டார்கள். 2025 ஜனவரி 1 முதல் அந்த வரம்பு 1,000 டாலர்.

✦

சிஐடிபி பதிவில் குத்தகையாளர்களுக்கு ஜி1 முதல் ஜி7 வரை ஏழு தரங்கள் உண்டு. நெடுங்காலமாக இருந்துவந்த வரையறைப்படி ஜி1 தரத்தார் 200,000 வெள்ளி வரை வேலை எடுக்கலாம். ஜி2-க்கு 500,000, ஜி3-க்கு 10 லட்சம், ஜி4-க்கு 30 லட்சம், ஜி5-க்கு 50 லட்சம், ஜி6-க்கு ஒரு கோடி வெள்ளி. ஜி7-க்கு வரம்பே இல்லை.

தரம் ஏற ஏற, காட்ட வேண்டிய மூலதனமும் ஏறும்: ஜி1-க்கு 5,000 வெள்ளி போதும், ஜி7-க்கு 750,000 வேண்டும். இதைக் கட்டணம் என்று நினைத்துப் பயந்து ஒதுங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அது உங்கள் நிறுவனத்தில் இருக்கும் உங்கள் பணம், வாரியத்துக்குப் போவதில்லை. பதிவுக் கட்டணம் வேறு, மூலதனம் வேறு.

✦

500,000 வெள்ளிக்கு மேற்பட்ட ஒவ்வொரு குத்தகைக்கும் அதன் மதிப்பில் 0.125 விழுக்காட்டை வாரியத்துக்குத் தீர்வையாகக் கட்ட வேண்டும். 800,000 வெள்ளி வேலை என்றால் தீர்வை 1,000 வெள்ளி. கட்ட வேண்டியவர் குத்தகையாளர்.

இந்தியாவில் கட்டுமானச் செலவில் குறைந்தது 1 விழுக்காட்டை நல வரியாக எடுக்கிறார்கள். அந்தப் பணம் தொழிலாளர் நல வாரியங்களுக்குப் போய், ஓய்வூதியமாகவும் பிள்ளைகளின் கல்வி உதவியாகவும் திரும்புகிறது. இங்குள்ள தீர்வைக்குத் தொழில் மேம்பாடும் பயிற்சியுமே முதன்மை நோக்கம். ஆகவே கட்டட வேலை செய்யும் பிள்ளைகள் சிஐடிபி பயிற்சிகளைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். அவர்கள் உழைத்த வேலைகளிலிருந்து சேர்ந்த பணம் அது.

✦

கட்டுமானத் தளத்துக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் சிஐடிபி-யின் பணியாளர் அட்டை வேண்டும். பழைய பெயர் கிரீன் கார்ட். மண்வெட்டி பிடிப்பவர், மேற்பார்வையாளர், வங்காளதேசத்திலிருந்து வந்தவர், பட்டர்வொர்த்தில் பிறந்தவர் எல்லாருக்கும் ஒரே விதி. அட்டை வாங்குவதற்கு முன் ஒரு நாள் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும். அந்த அட்டையோடு விபத்துக் காப்புறுதியும் சேர்ந்து வருகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. அட்டை காலாவதியானால் காப்புறுதியும் போச்சு.

✦

2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதையுண்டு இறந்தார்கள். பினாங்கு மறக்கக் கூடாத நாள் அது. இத்தகைய தளங்களுக்கும் பொருந்தும் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2022-இல் திருத்தியது; 2024 ஜூன் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. முன்பு 50,000 வெள்ளியாக இருந்த உச்ச அபராதம் இப்போது 500,000 வெள்ளி.

✦

உலு கிள்ளானில் 1993 டிசம்பர் 11 அன்று ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். அதன் கட்டடக்கலைஞராகப் பணியாற்றியவர் உண்மையில் கட்டட வரைவாளர் தகுதி மட்டுமே பெற்றவர் என்பது பிறகு நடந்த வழக்கில் தெரியவந்தது. 2000-இல் வந்த தீர்ப்பு அவருடைய கவனக்குறைவையும் பொறுப்பாக்கியது. வரைபடத்தில் கையெழுத்திடுபவரின் தகுதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

✦

வீட்டு வயரிங் சிஐடிபி-யோடு முடிவதில்லை. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் வேண்டும். ஒருமுனை மின்சாரத்துக்கு ஒரு சான்று, மும்முனைக்கு வேறு. வேலை முடிந்ததும் மேற்பார்த்து முடித்ததற்குப் படிவம் ஜி, சோதித்ததற்குப் படிவம் எச் என இரண்டு தாள்கள் உண்டு. வீட்டுக்காரர் நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: குளியலறைபோல் தரை ஈரமாகும் இடங்களில் மின்கசிவுத் துண்டிப்பான் 10 மில்லியாம்பியரிலேயே விழ வேண்டும் என்பது விதி. சுடுநீர்க் கருவி மாட்ட வருபவரிடம் இந்த எண்ணைக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

✦

தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுத, வயரிங் தொழிலில் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். பள்ளிப் படிப்பைவிடக் கை அனுபவத்துக்கு மதிப்புக் கொடுக்கும் நல்ல ஏற்பாடு.

✦

குழாய் வேலைக்கும் அனுமதி உண்டு. தீபகற்பத்தில் அதைக் கொடுப்பது தேசிய நீர்ச் சேவை ஆணையம், 2006-ஆம் ஆண்டின் 655-வது சட்டப்படி.

✦

புதுக் கட்டடத்தில் குடியேறத் தகுதிச் சான்றை முன்பு நகராண்மைக் கழகம் கொடுத்தது. 2007 ஏப்ரல் 12 முதல் அதைக் கொடுப்பவர் திட்டத்தைச் சமர்ப்பித்த கட்டடக்கலைஞர், பொறியாளர் அல்லது பதிவுபெற்ற கட்டட வரைவாளர். அதற்குப் பின்னால் ஜி1 முதல் ஜி21 வரை 21 படிவங்கள் இருக்கின்றன. (குத்தகையாளர் தரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அடித்தளம், உட்புறக் குழாய், மின்சாரம், மின்தூக்கி என்று ஒவ்வொரு வேலைக்கும் செய்தவர் கையெழுத்திட்டாக வேண்டும். நாளை விரிசல் விட்டால் யார் செய்தது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

✦

ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மையப் பகுதி 109.38 ஹெக்டர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150.04 ஹெக்டர். குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோவிலும் லிட்டல் இந்தியா கடைவீடுகளும் இதற்குள் வருகின்றன. இங்கே முகப்பிலோ கூரையிலோ மாற்றம் செய்ய, குத்தகையாளரின் பதிவு மட்டும் போதாது. பினாங்கு மாநகர் மன்றத்தின் அனுமதியும் வேண்டும். 2016-இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்கிறது.

பழைய கடைவீட்டுச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் உதிரும். ஜி7 தரம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் சுண்ணாம்பு குழைக்கத் தெரியாமல் இருக்கலாம். கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த கொத்தனார் பரம்பரை தமிழ்நாட்டில் இன்னும் முற்றிலும் அற்றுப்போகவில்லை. ஃபர்குவார் தெரு செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-இல் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. இந்த ஊரின் சுவர்களில் நம்மவர் கைப்பதிவு இருக்கிறது. அந்தக் கலைக்குப் பயிற்சியும் சான்றும் நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

✦

"மேலிருந்து பணம் வரவில்லை, வந்ததும் தருகிறேன்." சப்-கான்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன வாசகம் இது. 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ள கட்டுமானத் தொழில் பணக்கொடுப்புச் சட்டத்தின்படி, அப்படி நிபந்தனை போடும் ஒப்பந்த வரி செல்லாது. நடுவரிடம் போனால், மனுக்கள் முடிந்து 45 வேலை நாட்களுக்குள் முடிவு வரும். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் வேலை எடுப்பதை நம்மவர்கள் இன்றே நிறுத்த வேண்டும். ஒருவர் தாம் குடியிருக்கக் கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

✦

வீட்டுக்காரர் ஏமாந்தால் போகுமிடம் பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளி.

✦

2025 ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி உண்டு. 12 மாதத்தில் 15 லட்சம் வெள்ளிக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே இது. குடியிருப்பு வீடுகளுக்கு விலக்கு. உங்கள் வீட்டு வேலை ரசீதில் இந்த 6 விழுக்காடு இருந்தால் காரணம் கேளுங்கள்.

✦

ஒரு குத்தகையாளரின் பெயரையும் தரத்தையும் பதிவு முடியும் தேதியையும் சிஐடிபி இணையப் பக்கத்தில் எவரும் பார்க்கலாம். ஒருவர் பதிவை இன்னொருவர் காட்டி வேலை பிடிப்பது நடக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் உள்ள பெயரும், பதிவில் உள்ள பெயரும், நீங்கள் பணம் போடும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.